பூண்டு உரிக்கிறவள்

மனிதர்களைச் சந்தேகிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பதவியின் பெயர் பின்புலச் சரிபார்ப்பு அலுவலர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையோரம் இருக்கும் எங்கள் நிலையம் கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிநீராக்கி ஊர் ஊராக அனுப்புகிறது. இத்தனை பேர் குடிக்கிற தண்ணீரில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று ஒருவன் பார்க்க வேண்டாமா? அந்த ஒருவன் நான். "வீட்டுக்கு வந்த பெறகாவது அந்தக் கண்ணக் கழத்தி வைங்களேன்" என்பாள் என் மனைவி.

முன்பெல்லாம் சரிபார்ப்பு என்றால் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வருவார். பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டே "ஆள் எப்படி?" என்று கேட்பார். காபி கொடுத்தவர்கள் "தங்கமான ஆளு" என்பார்கள். விஷயம் முடிந்தது. இப்போது தலையையே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். அந்தக் கருவி எங்கள் நிலையத்துக்கு வந்து இறங்கிய வாரம்தான் எமல்டா என் அறைக்கு வந்தாள்.

எமல்டாவுக்கு மருந்தறையில் வேலை. குளோரின் கலக்கும் அறையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் வெளியே போவதற்கு முன் கடைசியாக நிற்கும் இடம் அது. அங்கே கை தவறினால் ஊரே வாந்தியெடுக்கும். வேண்டுமென்றே தவறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அதனால்தான் ஸ்கேன் முதலில் மருந்தறைக்காரர்களுக்கு என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நாற்பதை நெருங்கும் பெண், அதிர்ந்து பேச மாட்டாள். அவளைப் பற்றி ஒரு புகார் வந்து நான் பார்த்ததில்லை.

"உக்காருங்கம்மா. உங்களுக்கு நாளைக்குத்தானே?"

"அதான் சார் இன்னைக்கே வந்தேன்" என்றாள். "நாளைக்கு மெஷின்ல தெரியத்தான் போகுது. அதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். எனக்கு வெள்ளத் திட்டு இருக்கு."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

மறதிச் சட்டம் நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், நீதிமன்றம் அனுமதித்தால், தான் செய்த குற்றத்தின் நினைவை மூளையிலிருந்து எடுத்துவிட்டுப் புது ஆளாக வாழலாம். அந்தக் குற்றத்தால் அடிபட்டவருக்கும் அதே உரிமை உண்டு. அவரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தூங்கலாம். இரண்டு பேரின் கோப்புகளையும் ஒரே மாதிரி மூடி முத்திரை வைத்தார்கள். வேறு வேறு மாதிரி மூடினால் மூடியதற்கே அர்த்தமில்லை அல்லவா? நினைவை எடுத்த இடம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் என்பதை மட்டும் அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அடித்தவருக்கும் அதே திட்டு, அடிபட்டவருக்கும் அதே திட்டு.

"எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சட்டம் வந்த வருசம் அது. எனக்கு இருபத்திரெண்டு வயசு. மதுரையில ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சேன். 'நீங்களே கேட்டுக்கிட்டதாலதாம்மா எடுத்தோம், இனி நிம்மதியாப் போங்க'ன்னு சொன்னாங்க. நிம்மதியாம்! ஒரு மாசம்போல காணாமப் போச்சு சார். கேக்கதுக்கு அம்மா அப்பாவும் கிடையாது, சிஸ்டர்மார் விடுதியில வளந்தவ நான். அவங்களும் சட்டம் இருக்கு, கேக்காதன்னுட்டாங்க. காணாமப் போன அந்த மாசத்துல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று ஓடியது.

"கத்தியால குத்துறவங்களுக்குக் கை வழுக்கி இப்படித்தான் வெட்டும்னு டிவியில ஒரு நாள் சொன்னான். அன்னைலேருந்து கத்தி, அருவாமனை எதையும் தொட மாட்டேன் சார்."

"அப்ப மீன்?"

"வீட்டுக்காரர்தான் அறுப்பாரு. வெங்காயமும் அவருதான். எங்க தெருவுல எனக்கு மகாராணின்னு பேரு. கோயில் அசனத்துக்குப் பொம்பளைங்க எல்லாரும் உக்காந்து காய் வெட்டும்போது நான் மட்டும் பூண்டு உரிப்பேன். மூட்டை மூட்டையா உரிச்சிருக்கேன்."

அசனம் என்பது திருவிழாவை ஒட்டிக் கிறிஸ்தவக் கோயிலில் ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து. அங்கே காய் வெட்டாத பெண்ணைப் பற்றி மற்ற பெண்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவியின் தங்கை எமல்டாவின் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"வருசா வருசம் சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவேன் சார். 'சாமி, எனக்கே தெரியாத பாவம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு'ன்னு. பாவம், சாமியாரு என்னத்தச் செய்வாரு? தெரியாத பாவத்துக்குப் பரிகாரமா எத்தன மங்கள வார்த்த செபம் சொல்லணும்னு அவருக்கு எந்தப் புஸ்தகத்துலயும் போடல. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, பத்துச் சொல்லுன்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

"வேல போயிருமா சார்?"

போய்விடும் என்று சொல்வதுதான் நியாயம். "பாப்போம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஸ்கேனில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. நிலையத் தலைவர் ராகவேந்திரன் சென்னைக்காரர். கெட்டவர் இல்லை, நாளைக்குப் பத்திரிகையில் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே காலம் தள்ளுகிறவர். கணினியில் விதியைத் திறந்து எனக்குப் படித்தே காட்டினார். "'நீதிமன்ற ஆணையின்படி நினைவு நீக்கப்பட்ட எவரும் மருந்தறை வளாகத்துக்குள் அனுமதிக்கப்படலாகாது.' இதுல புரியாதது என்ன சார் இருக்கு?"

"அடிபட்ட பொண்ணா இருந்தா? அடியும் பட்டு, வேலையும் போகணுமா?"

"நான் மட்டும் போகணும்னா சொல்றேன்? அடிச்சவங்களா இருந்தா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சேதானே உள்ள வச்சிருந்தீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. அந்தத் தண்ணியை என் பொண்ணும்தான் சார் குடிக்கிறா." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "பதிவகத்துல கேக்கச் சொல்லுங்க. பாதிக்கப்பட்டவங்கன்னு வந்தா விலக்கு கேட்டு நானே எழுதறேன். அதுவரைக்கும் லீவுல இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அவள் கணவனின் பேக்கரிக்குப் போனேன். கிளீட்டஸ் முந்திரி மக்ரூன் போடுவதில் கெட்டிக்காரன். ஆள் பனைமரம்போல இருந்தாலும் பேச்சு மெதுவாகத்தான் வரும். எமல்டா கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தாள். கிளீட்டஸ் ஒரு தட்டில் மக்ரூன் வைத்துக் கொடுத்தான். அதை வாயில் போடாமலே விஷயத்தைச் சொன்னேன்.

"நினைவுப் பதிவகத்துல சம்பந்தப்பட்டவங்க மட்டும் ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். எந்தப் பக்கம்னு. அதுக்கு மட்டும் பதில் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு, பதில் வந்தா வந்ததுதான். ஒரு தடவ எடுத்த தலையில மறுபடி எடுக்க முடியாது. தெரிஞ்சதத் தெரிஞ்சுக்கிட்டேதான் மிச்ச வாழ்க்கைய ஓட்டணும்."

"வேண்டாம் சார்" என்றான் கிளீட்டஸ் உடனே. ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை அவள் கண்ணில் படாதபடி ஒரு துணிக்கு அடியில் தள்ளினான். அவன் அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. "ஏட்டி, வேல போனாப் போகட்டும். இங்க கல்லாவுல இரி. கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லிட்டுத்தானே வந்த? நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

"நீங்க கேக்கல. நான்தான் தினம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"இப்ப என்ன கொறஞ்சு போச்சு?"

"ஏங்க, இந்தக் கைதான் ஊருக்கு மருந்து அளக்குது. புள்ளைங்க குடிக்க தண்ணி. ஒவ்வொரு நாளும் வால்வத் தொறக்கும்போது, இது என்ன கையோன்னு நெனச்சுக்கிட்டேதான் தொறக்கேன். ஒரு தடவ அளந்தத மூணு தடவ அளக்கேன். நான் மோசமான ஆளுன்னா ராகவேந்திரன் சார் சொல்லுதது சரி, நான் அங்க இருக்கக் கூடாது. இல்லன்னா எனக்கு என் வேல வேணும். ரெண்டுல ஒண்ணு தெரியாம இனிமே என்னால முடியாது."

கிளீட்டஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "குத்தினவதான்னு வந்தா?"

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் எங்க போகணும்னு."

"எங்கயும் போக வேண்டாம்" என்றான். "மீன நானே அறுத்துக்கிடுதேன்."

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பதிவகத்துக்கு எழுதிப்போட்டுப் பதில் வர இரண்டு வாரமாயிற்று. திரை வழியாகப் பேசுவார்கள், நிறுவனத்தின் தரப்பில் ஒரு சாட்சி மட்டும் கூட இருக்கலாம் என்றார்கள். எங்கள் நிலையத்தின் சின்ன அறையில் எமல்டாவும் நானும் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிளீட்டஸ், மாவு ஒட்டிய சட்டையோடு. கதவைச் சாத்தினால் பேச்சு வெளியே கேட்காது.

திரையில் வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். எமல்டாவின் கைரேகையைச் சரிபார்த்துவிட்டு, சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "பதில் தெரிஞ்ச பிறகு திரும்ப மறக்க வைக்க முடியாது. சம்மதமாம்மா?"

"சம்மதம்."

அம்மாள் தேடினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி தேடினார். மடியில் உருட்டிக்கொண்டிருந்த ஜெபமாலையில் எமல்டாவின் விரல்கள் அப்படியே நின்றன.

"கொஞ்சம் இருங்க. செஞ்சவங்க பட்டியல்ல நீங்க இல்ல."

எமல்டா மூச்சை விட்டாள். நானும்தான்.

"பாதிக்கப்பட்டவங்க பட்டியல்லயும் இல்லையே..." என்றார் அம்மாள். திரையைவிட்டு எழுந்து போய்விட்டார். காலி நாற்காலியையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கிளீட்டஸ் என்னைப் பார்த்து "என்ன?" என்று கையை ஆட்டினான். நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, சுவரில் சாய்ந்துவிட்டான்.

அம்மாள் திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது. "எமல்டா, உங்களுக்கு எடுத்தது சட்டம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிம்மா. நீங்க எந்தப் பக்கமும் இல்ல."

"புரியலம்மா."

"இந்தச் சிகிச்சைய நாட்டுல கொண்டு வர்றதுக்கு முன்னாடி, பாதுகாப்பானதான்னு சோதிச்சுப் பாக்கணும் இல்லையா? குத்தமும் செய்யாத, குத்தத்தால அடியும் படாத ஆளுங்க கொஞ்சம் பேர் வேணும். சும்மா ஒரு மாசத்த எடுத்துட்டு, ஆளு நல்லா இருக்காங்களான்னு பாக்க. நீங்க அதுக்குச் சம்மதிச்சு வந்திருக்கீங்க. சம்மதிச்ச நாளும் அந்த மாசத்துக்குள்ளயே இருந்ததால அதுவும் சேந்து போயிடுச்சு. தான் சோதனைக்கு வந்த ஆளுன்னு தெரிஞ்சா சோதனை கெட்டுப் போயிடும்னு சொல்லாமலே அனுப்பியிருக்காங்க. அப்புறமா சொல்றதாத்தான் இருந்துது. அதுக்குள்ள சட்டம் வந்து எல்லாக் கோப்புகளையும் ஒண்ணா மூடிடுச்சு. நீங்களா கேட்டாத்தான் நாங்க வாயத் தொறக்கலாம். இத்தனை வருஷத்துல அந்தக் கூட்டத்துலேருந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"அப்ப அந்த மாசம் நான் என்ன செஞ்சேன்?"

அம்மாள் திரையில் எதையோ படித்தார். "ஒண்ணும் செய்யலம்மா. அங்கேயே ஒரு விடுதியில இருந்திருக்கீங்க. சாப்பிட்டீங்க, தூங்கினீங்க, சமையல்கட்டுல ஒத்தாசை செஞ்சீங்க. முக்கியமா எதுவும் நடக்கக் கூடாதுங்கறதுதான் நிபந்தனையே."

எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போலவும், யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றுமே நடக்காத ஒரு மாதத்துக்காக இந்தப் பெண் இத்தனை காலம் பூண்டு உரித்திருக்கிறாள்.

"சிகிச்சை முடிஞ்சு ஒரு டாக்டரம்மா அப்பப்ப வந்து பேசினாங்களா?" என்று கேட்டார் பதிவகத்து அம்மாள்.

"ஆமா. கவுன்சலிங்னு. 'நீ என்ன செஞ்சிருப்பன்னு தோணுது'ன்னு கேப்பாங்க. யாரையோ குத்திட்டேன்போலன்னு அழுவேன்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத நான் சொல்லக் கூடாது. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போறேன், சொல்லிடறேன். உங்கள மாதிரி வந்த அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்லாம, நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்னு. நிஜமா பண்ணவங்களக் கேட்டப்ப முக்காவாசிப் பேர், எனக்கு யாரோ ஏதோ கெடுதல் பண்ணிட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க."

எமல்டா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணாடிக்கு வெளியே இருந்து அதைப் பார்த்த கிளீட்டஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றான். "என்னவா இருந்தாலும் பரவால்ல. எழும்பு."

"ஒண்ணுமில்லங்க..."

"எங்கிட்ட மறைக்காதட்டி. எவனையாவது கொன்னுருந்தாலும் சொல்லு, தாங்கிக்கிடுவேன்."

"ஐயோ, ஒண்ணுமே நடக்கலங்க! நான் சும்மா சாப்பிட்டுத் தூங்கியிருக்கேன்!"

அவன் என்னைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கோபம்தான் முதலில் வந்தது. "இத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா இவனுங்க? மனுசியா இல்ல எலியா? ராத்திரியெல்லாம் எத்தன நாளு எழும்பி உக்காந்து அழுதிருக்கா!" அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கும் புத்தியில்ல. யாரு என்ன கேட்டாலும் சரி சரின்னு தலைய ஆட்டு. தலையவே கேட்டானாம், குடுத்துட்டு வந்திருக்கா!" திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எமல்டா அழுகையினூடே சிரிக்க ஆரம்பித்தாள்.

ராகவேந்திரனிடம் போய், விதியில் அவர் எனக்குப் படித்துக்காட்டிய அதே வரியை நான் அவருக்குப் படித்துக்காட்டினேன். நீதிமன்ற ஆணையின்படி நினைவு நீக்கப்பட்டவர்களுக்குத்தான் தடை. இவளுக்கு எந்த நீதிமன்றமும் எந்த ஆணையும் போடவில்லை. அவர் அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தார். பெரிய பாரம் இறங்கியதுபோல நாற்காலியில் சாய்ந்தார். "நல்லதாப் போச்சு சார். நாளைக்கே வரச் சொல்லுங்க."

பதிவகத்து அம்மாள் கடைசியில் சொன்னதையும் சொல்லிப் பார்த்தேன். யார் தன்னைத்தானே சந்தேகப்படுகிறாரோ அவரை உள்ளே விடலாம், எனக்குக் கெடுதல் செய்துவிட்டார்கள் என்பவரைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்போல என்றேன். "கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் ராகவேந்திரன். "ரூல்ல எப்படி எழுதறது?" எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்கேனில் வெள்ளைத் திட்டோடு வருகிறவர்களை நான் உடனே வாசலுக்கு அனுப்புவதில்லை. உட்காரவைத்துப் பேசுகிறேன்.

ஆகஸ்டில் திருவிழா வந்தது. அசனத்துக்கு அவசியம் வர வேண்டும் என்று கிளீட்டஸ் வீடு தேடி வந்து அழைத்திருந்தான். முந்தின நாள் மதியமே நானும் என் மனைவியும் போய்விட்டோம். கோயில் பந்தலில் பெண்கள் வரிசையாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்திரிக்காயும் வெங்காயமும் குவிந்து கிடந்தன. வழக்கம்போல ஒருத்தி பூண்டு மூட்டையை எமல்டாவின் பக்கம் இழுத்துப் போட்டு, "மகாராணி, உங்க பங்கு" என்றாள்.

எமல்டா மூட்டையைத் தள்ளி வைத்தாள். "ஒரு அருவாமனை தாங்க."

கிளீட்டஸ் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து நின்று பார்த்தான். யாரோ ஓர் அரிவாள்மணையை நகர்த்திக் கொடுத்தார்கள். எமல்டா சிலுவை போட்டுக்கொண்டு, பலகையில் முழங்காலை ஊன்றி, ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்துப் பிளந்தாள். பாதி ஒரு மூலைக்கும் பாதி இன்னொரு மூலைக்கும் ஓடியது. பெண்கள் சிரித்தார்கள். அடுத்ததை எடுத்தாள். துண்டு ஒன்று கட்டை விரல் தடிமனுக்கு வந்தது, இன்னொன்று தோல்போல வந்தது. "இத வச்சு சாம்பாரா வைக்க, சொதியா வைக்க?" என்று யாரோ கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்து அழுத்தினாள். வெங்காயம் வழுக்கியது.

"ஐயோ!" என்று என் மனைவி கத்தினாள். கிளீட்டஸ் ஓடி வந்தான். யாரோ மஞ்சள்பொடி கொண்டு வந்தார்கள், யாரோ புடவை முந்தானையைக் கிழிக்கப் போனார்கள். எமல்டா மட்டும் அசையவில்லை. விரித்த வலது உள்ளங்கையை முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய காயம் இல்லை. ஆனால் ரத்தம் கசிந்த புது வெட்டு, பழைய தழும்பின் மேலேயே, அதே சாய்வில், அதே நீளத்துக்கு ஓடியிருந்தது.

"ஏங்க" என்றாள் கிளீட்டஸிடம், கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி. "சமையல்கட்டுல ஒத்தாசை செஞ்சேன்னு அந்த அம்மா சொன்னாங்கல்ல?"

கிளீட்டஸ் கையைப் பார்த்தான். வெங்காயத்தைப் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று தெரியாமலே பந்தல் முழுக்கச் சிரித்தது.

கட்டுப் போட்டு முடிந்ததும் பூண்டு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் எமல்டா.